காய்ப்பு இல்லை என்று சொன்ன கடிகாரம்

கோல சிலாங்கூர்
9.6.2024

அன்புத் தங்கச்சி பிளோரன்ஸுக்கு,

அக்கா அஞ்சலை எழுதுகிறேன். முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். மூத்த பேரன் பவனேஷுக்குப் பினாங்கு தொழிற்சாலையில் பதவி உயர்வு. இப்போது அவனுக்குக் கீழே ஆட்கள், அவனுக்கென்று தனி அறை. உஷாராணி மருந்தாளர் பரீட்சையில் பாஸ். இனி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். கடைக்குட்டி சுகுமாறன் பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிகுலேஷனுக்குத் தேர்வாகிவிட்டான். ஐந்தாம் வகுப்போடு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன அஞ்சலையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். யாரிடம் சொல்வேன், உன்னிடம்தான் சொல்வேன். போனில் சொன்னால் உன் காதில் ஏறுவதில்லை. போன தடவை "கருவாடு" என்றேன், நீ "யாரு வீடு?" என்றாய். நமக்குக் கடிதம்தான் சரி.

ஷோகேஸில் எல்லார் படமும் வரிசையாக இருக்கிறது, எல்லாரும் அங்கி போட்டு, தொப்பி போட்டு. உன் பேத்தி லில்லியனுக்கும் என் பேரன் சேதுவுக்கும் எடுத்த கல்யாணப் படம் நடுவில். அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்கிறேன். எதற்கு என்று உனக்கே தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஒரே குழப்பமாக இருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

லில்லியன் கையில் ஒரு கடிகாரம் கட்டுகிறாளே, பார்த்திருப்பாய். வெற்றிலை டப்பா மூடி மாதிரி பெரிசு. சேது வாங்கிக் கொடுத்தது. புஞ்சாக் ஆலாமில் வேலைவிட்டு வந்ததும் அதைக் கட்டிக்கொண்டு காலில் சப்பாத்தை மாட்டி ஓடப் போய்விடுகிறாள். ஆற்றங்கரை, செம்பனைத் தோட்டம், குரங்கு இருக்கிற அந்த மேடு, எங்கே ஓடினாலும் வானத்தில் இருக்கிற செட்டலைட் அவளைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் அவள் போன வழியெல்லாம் சிவப்புக் கோடாக வருகிறது. ஒருநாள் எனக்குக் காட்டினாள். பிள்ளை சுவரில் கிறுக்கினது மாதிரி இருந்தது. "நல்லா இருக்கு" என்று சொல்லிவைத்தேன்.

கோட்டோடு நிற்கவில்லை அந்தக் கடிகாரம். நெஞ்சு எப்படி அடிக்கிறது, ராத்திரி சரியாகத் தூங்கினாளா, எல்லாம் சொல்கிறது. போன வாரம் அவள் குளிக்கப் போனபோது மேசையில் கிடந்தது. அதில் நீளமாக ஓர் இங்கிலீஷ் சொல். எனக்கு எழுத்து தெரியும், அர்த்தம் தெரியாது. காலண்டர் தாளில் பார்த்து எழுதி, எதிர்வீட்டுப் புனிதன் கிராணியிடம் கொண்டுபோனேன். முப்பது வருஷம் தோட்டத்து ஆபீசில் எழுதினவர், அவருக்குத் தெரியாத இங்கிலீஷா? கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "அன்புரொடக்டிவ். காய்ப்பு இல்லைன்னு அர்த்தம். வெட்டித் தள்ளிட்டு மறுநடவு பண்ற மரத்துக்கு நான் ரிப்போர்ட்ல இதைத்தான் எழுதுவேன்" என்றார். "எந்த பிளாக்கு?" என்று வேறு கேட்டார்.

கல்யாணமாகி மூன்று வருஷம். நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடிகாரத்துக்கே தெரிகிறது என்றால் உனக்கும் முன்னமே தெரிந்திருக்குமோ? தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாம். மருந்து, மாத்திரை, சாமி என்று ஏதாவது செய்திருப்பேனே.

எப்போதும் அவள் கையில் கொடுத்து அனுப்புவேன். இந்தக் கடிதத்தை ஸ்டாம்பு ஒட்டிப் போடுகிறேன். புரிந்துகொள். பாசிர் பெனம்பாங் கருவாடு மட்டும் அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன் படம் பழசாகிவிட்டது, முகமே தெரியவில்லை. புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் போடு.

உன் அக்கா
அஞ்சலை


கலும்பாங்
18.6.2024

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. கருவாடும் வந்தது, நன்றி.

பவனேஷ், உஷாராணி, சுகுமாறன் மூவருக்கும் என் வாழ்த்துகள். இவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபிக்கச் சொன்னேன். லில்லியன் பெயரையும் சேர்த்துக் கொடுத்தேன். உங்கள் நல்ல செய்திகளில் அவள் பெயர் இல்லை, அதனால்.

கண்ணாடி போட்டு ஒரு தடவை படித்தேன், கழற்றிவிட்டு ஒரு தடவை. இரண்டு தடவையும் அதேதான் எழுதியிருந்தது. என் பேத்தி செம்பனை மரமா? வெட்ட வேண்டிய மரத்துக்குத் தோட்டத்து மண்டோர் சாயம் பூசிக் குறி போடுகிற மாதிரி ஒரு கடிகாரம் குறி போட்டுவிட்டதாம், கிராணி படித்துச் சொன்னாராம். ஆஸ்பத்திரியில் படம் பிடித்து, ரத்தம் எடுத்துப் பார்த்தாலும் டாக்டரே "பார்ப்போம்" என்றுதான் சொல்கிறார். மணிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு வயிற்றில் இருப்பதை எப்படிச் சொல்லும்? எனக்கும் தெரியவில்லை. தெரியாததை நான் எழுதுவதில்லை.

எனக்குத் தெரிந்து எதையும் மறைக்கவில்லை. அவளிடம் நான் கேட்கவும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை. நீங்களும் கேட்காமல் இருந்தால் நல்லது.

ஒன்று செய்யுங்கள். அந்தக் கடிகாரத்தைச் சேது தம்பி கையில் கட்டிப் பாருங்கள். அது அவரைப் பற்றி என்ன சொல்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

படம் எடுக்க இப்போது நேரமில்லை.

பிளோரன்ஸ்


கோல சிலாங்கூர்
30.6.2024

அன்புத் தங்கச்சி பிளோரன்ஸுக்கு,

என்னைச் சம்பந்தி அம்மா என்று எழுதிவிட்டாய். ஒரே தோட்டத்து லயத்தில் ஒரே பைப்பில் தண்ணீர் பிடித்தவர்கள் நாம். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சரி, கோபத்தை விடு. இந்தக் கடிதம் படித்தால் உன் கோபம் பறந்துவிடும்.

நீ சொன்னபடி செய்தேன். நேரம் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிச் சேது கையில் கட்டினேன். சோபாவில் படுத்துக் கால்பந்து பார்த்தான். அது நேரத்தைத்தான் சொன்னது. அவனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆம்பளைகளுக்குச் சொல்லாதோ என்னவோ.

முந்தாநாள் காலையில் மறுபடியும் மேசையில் பார்த்தேன். அதே சொல், ஆனால் முன்னால் இருந்த இரண்டு எழுத்தைக் காணோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், காணவே காணோம். தாளை எடுத்துக்கொண்டு கிராணி வீட்டுக்கு ஓடினேன், இந்த முட்டியோடு. அவர் படித்துவிட்டு, "ஆமா, இப்ப காய்ப்பு வந்துருச்சு. மரத்தை வெட்டாதீங்க" என்று சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் அழுகையைப் பார்த்துப் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

பிளோரன்ஸ், நாம் கொள்ளுப்பாட்டி ஆகப்போகிறோம். மாரியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்தேன், அப்படியே உங்கள் மாதாவுக்கும் ஒரு மெழுகுவத்திக்குச் சொல்லியனுப்பினேன். பாயசம் வைத்தேன். பினாங்குக்கும் கிள்ளானுக்கும் போன் போட்டாகிவிட்டது. டவுனுக்குப் போய் ஒரு படச் சட்டம் வாங்கினேன், ஓரத்தில் வாத்துக்குஞ்சு போட்டது. கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் வெறும் சட்டத்தையே வைத்துவிட்டேன். வெறுமையாக இருந்தாலும் அழகாகத்தான் இருக்கிறது.

அவள் இன்னும் வாய் திறக்கவில்லை. வெட்கம் போல. பாயசம் எதற்கு என்று கேட்டாள், சும்மா என்றேன். எனக்குப் புரியாதது ஒன்றுதான். இந்த நிலையில் ஒரு பெண் ஓடுவாளா? அதுவும் ஜூலையில் உங்கள் பக்கத்து மலையில் ஏதோ ஓட்டப்போட்டியாம், காட்டுக்குள்ளே ஏறி இறங்க வேண்டுமாம், பேர் கொடுத்திருக்கிறாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. சப்பாத்தை எடுத்து அலமாரி மேலே, பழைய பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். நேற்றெல்லாம் வீடு முழுக்கத் தேடினாள். "குரங்கு தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றேன். "குரங்குக்கு என் சைஸ் பத்தாது ஆயா" என்கிறாள். நீயே எழுதிச் சொல், உன் பேச்சைக் கேட்பாள்.

இனி நீ படம் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை, நேரிலேயே வா.

உன் அக்கா
அஞ்சலை


கலும்பாங்
6.7.2024

அஞ்சலை அக்காவுக்கு,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. லில்லியன் அதற்கு முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டாள். கையில் ஒரு பை, காலில் வீட்டுச் செருப்பு.

உஷாராணி இவளுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல்லியிருக்கிறது. அந்தப் பிள்ளை மேல் தப்பில்லை, நீங்கள் சொன்னதைத்தான் நம்பியது. அப்போதுதான் இவள் ஷோகேஸைப் பார்த்திருக்கிறாள், வாத்துக்குஞ்சு போட்ட சட்டத்தை. உங்களிடம் சொல்லிவிட்டு வரவில்லை என்றாள். சேது தம்பிக்குத் தெரியும்.

முதலில் கடிகாரத்தைப் பற்றி எழுதுகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா தெரியவில்லை. அது வயிற்றைப் பார்ப்பதில்லை. ஓட்டப் பயிற்சியைப் பார்க்கிறது. கஷ்டப்பட்டு ஓடியும் உடம்புக்கு வலு கூடவில்லை என்றால் அந்த முதல் சொல்லைப் போடுமாம். வலு கூடினால் இரண்டாவது. அவ்வளவுதான். "அது ஓடுறதுக்கு மட்டும்லா பாட்டி" என்றாள். மறுநடவு, எந்த பிளாக்கு என்று கிராணி கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

அப்புறம் அவளாகத்தான் சொன்னாள். போன தீபாவளிக்கு முன்னால் ஒன்று உண்டாகி, தங்கவில்லை. அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியும். எனக்கும் தெரியாது அக்கா, சத்தியமாக. ஏன் எங்களிடம் மறைத்தாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆயா ஷோகேஸ்ல எடம் விட்டு வச்சிருக்காங்க பாட்டி. தெனமும் அதைத் தொடைக்கிறாங்க. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கமே வரவில்லையாம். நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னாராம். நடந்து, ஓடி, ஓடின பிறகுதான் தூங்க முடிந்தது. அதனால்தான் சேது தம்பி அந்தக் கடிகாரத்தை வாங்கிக் கொடுத்தார். எங்கே ஓடினாலும் அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்று.

இங்கே சாப்பிடுகிறாள். பேசுவது குறைவு. கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். எப்போது திரும்புவாள் என்று நான் கேட்கவில்லை. திரும்புவாளா என்றும் கேட்கவில்லை.

போட்டி இருபத்தொன்றாம் தேதி. அவள் சப்பாத்தை அனுப்பிவையுங்கள்.

பிளோரன்ஸ்


கோல சிலாங்கூர்
10.7.2024

தங்கச்சி,

சேது கையில் சப்பாத்தைக் கொடுத்துவிடுகிறேன். அவன் என்னோடு சரியாகப் பேசவில்லை. "சாப்பிட்டியா ஆயா" என்று மட்டும் கேட்கிறான்.

சப்பாத்தில் சேறு இருந்தது. பிரஷ் போட்டுத் தேய்த்தேன். தேய்த்த பிறகுதான் இதைக் கழுவலாமா கூடாதா என்று தோன்றியது. வெயிலில் வைத்தேன், அப்புறம் நிழலில் வைத்தேன். ஒரு கயிறு அறுந்திருந்தது. டவுனில் புதுக் கயிறு வாங்கிக் கோத்துக் கட்டியிருக்கிறேன். காட்டில் அவிழக் கூடாது என்று நன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறேன்.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான் சந்தோஷப்பட்டேன். நான் சந்தோஷப்பட்டதுதான் தப்பு என்கிறபோது எதை எப்படித் திருத்துவது? போன் போட்டவர்களுக்கெல்லாம் திரும்பப் போட்டு, நான் தப்பாகப் புரிந்துகொண்டேன், வேறொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். கிராணியிடமும் சொன்னேன். அவர் இரண்டு நாளாக வாசலுக்கே வரவில்லை.

சேது அப்பனுக்கு அடுத்ததாக எனக்கு ஒன்று தங்காமல் போனது உனக்குத் தெரியும். நீதான் வெந்நீர் வைத்தாய். மூன்றாம் நாள் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு மரம் வெட்டப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்போது எனக்கும் எங்கேயாவது ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அதை இப்போதுதான் நினைக்கிறேன்.

இதை அவளிடம் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம்.

சட்டத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அந்த இடத்தைத் துடைக்கவில்லை.

அஞ்சலை


கோல சிலாங்கூர்
24.7.2024

அன்புத் தங்கச்சி பிளோரன்ஸுக்கு,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி லில்லியன் உங்கள் பக்கத்து மலையில் ஏறி இறங்கி, காட்டுக்குள்ளே ஓடி, போட்டியை முடித்துவிட்டாள். உனக்குத் தெரியும், நீதான் முடிகிற இடத்தில் குடையோடு நின்றாய். இருந்தாலும் நான் எழுதத்தான் செய்வேன். பவனேஷும் உஷாராணியும் சுகுமாறனும் நலம், அவர்கள் செய்தி இன்னொரு நாள்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அன்று காலையில் கிளம்பும்முன் அவள் சேதுவுக்குப் போனில் ஏதோ அனுப்பியிருக்கிறாள். அதைத் திறந்தால் மலைப் படம், அதில் ஒரு நீலப் புள்ளி. "அதுதான் லில்லியன்" என்றான் சேது. கடிகாரம் செட்டலைட்டுக்குச் சொல்ல, செட்டலைட் போனுக்குச் சொல்கிறதாம். எனக்குப் புரியவில்லை, ஆனால் புள்ளி நகர்ந்தது. நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். ரொம்ப நாள் கழித்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

பாதி வழியில் புள்ளி நின்றுவிட்டது. நகரவே இல்லை. "லைன் இல்லாம இருக்கும் ஆயா" என்றான். சொல்லிவிட்டு அவனே எழுந்து நின்றுகொண்டான். விழுந்துவிட்டாளா, உட்கார்ந்து அழுகிறாளா, கழுவக் கூடாத சப்பாத்தைக் கழுவி நான் கெடுத்துவிட்டேனா, ஒன்றும் தெரியவில்லை. அந்தப் புள்ளியிடமே பேசினேன். "பிள்ளே, நோவுதுன்னா உக்காந்துக்கோ. யாரும் ஒன்ன ஒன்னும் கேக்க மாட்டோம்" என்றேன். சேது சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் புள்ளி நகர்ந்தது.

சாயங்காலம் சேது கலும்பாங்குக்கு வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனானே, வீட்டுக்கு வரும்போது மணி எட்டு. வாசலில் நின்றாள். நானும் நின்றேன். என்ன சொல்வது என்று இரண்டு வாரமாக யோசித்து வைத்திருந்ததையெல்லாம் விட்டுவிட்டு, "ஏன் நடுவுல நின்னுட்டே?" என்று கேட்டுவிட்டேன்.

"சப்பாத்துல கல்லு பூந்துருச்சு ஆயா. எடுக்கலாம்னு உக்காந்தா நீங்க போட்ட முடிச்சு அவுரவே மாட்டேங்குது. பல்லால கடிச்சுப் பார்த்தேன். கடைசில கல்லோடவே ஓடினேன்" என்றாள். காலைக் காட்டினாள், சப்பாத்து இன்னும் காலிலேயே இருந்தது. நான் வெந்நீர் வைத்தேன். அவள் காலை என் மடியில் வைத்து ஊசியால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். நானே போட்டது, எனக்கே அவிழவில்லை. சேது கத்தரிக்கோல் கொண்டுவந்தான். கயிற்றை வெட்டிக் கழற்றினால் காலில் கொப்புளம்.

அப்போது அவள் கையில் அந்தக் கடிகாரம் இருந்தது. இந்தத் தடவை நான் தாளில் எழுதவும் இல்லை, கிராணியிடம் போகவும் இல்லை. "இன்னைக்கு அது என்ன சொல்லுது?" என்று அவளையே கேட்டேன். அமுக்கிப் பார்த்தாள். "ரெக்கவரி" என்றாள். "அப்படின்னா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தேறிக்கிட்டு வருதாம் ஆயா. இப்ப சும்மா விடணுமாம்" என்றாள்.

அது எனக்குப் புரிந்தது, பிளோரன்ஸ். பால்மரத்தில் வெட்டிய பக்கத்தைக் கொஞ்ச காலம் தொடாமல் விட்டு, பட்டை திரும்ப வளர விடுவோமே, அது. அந்த மரத்துப் பக்கம் வாளியைக்கூடக் கொண்டுபோக மாட்டோம். அதை அவளிடம் சொன்னேன். அவள் காலை என் மடியிலிருந்து எடுக்கவில்லை. உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

நீ இனியும் தபாலில் என்னை அக்கா என்றே எழுதுவாயோ என்னவோ எனக்குத் தெரியாது. அவள் சனிக்கிழமை உன்னிடம் வருகிறாள். இந்தக் கடிதத்தை அவள் கையில்தான் கொடுத்து அனுப்புகிறேன். உறையை ஒட்டவில்லை.

ஒன்று கேட்கிறேன். ஓட்டம் முடிந்த இடத்தில் அவள் தம்பி ட்ரெவர் அவளைப் படம் எடுத்தானாமே, முகமெல்லாம் சேறு, பல் மட்டும் வெள்ளையாய், பக்கத்தில் நீ குடையோடு. அக்காவும் தம்பியும் சேர்ந்து அழகான படமாகப் பார்த்து வேறொன்றை அனுப்புவார்கள். எனக்கு அது வேண்டாம். அந்தச் சேற்றுப் படத்தையே கடையில் கொடுத்துப் பெரிசாகக் கழுவி, மடங்காமல் அட்டை வைத்துத் தபாலில் போடு. சட்டம் என்னிடம் இருக்கிறது.

உன் அக்கா
அஞ்சலை